குதிரையின் கடைசி நாளுக்கு யாரைக் கூப்பிடுவது? மட்டக்களப்புப் பக்கத்துச் சேவைகள் பற்றி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடற்கரைச் சவாரிக்கு, கலியாண ஊர்வலத்துக்கு, அல்லது வெறும் ஆசைக்கு வளர்க்கிறவர்கள். மாடு செத்தால் என்ன செய்வதென்று சொல்லித்தர ஒவ்வொரு வீதியிலும் ஆள் இருக்கிறது. குதிரை செத்தால் கேட்க ஆளில்லை. மாட்டுக்கு வருகிற வைத்தியர், மண் வெட்ட வருகிற பெக்கோ, நகை செய்கிற பட்டறை, இவர்கள்தான் குதிரைக்கும். குதிரை என்று வரும்போது இவர்கள் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறார்கள், எந்த இடத்தில் நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

இருபது வருடம் கூட இருந்த மிருகம் போனால் நெஞ்சு வெடிக்கத்தான் செய்யும். காசு கொடுத்து வாங்குகிற எந்தச் சேவையும் அதைத் தடுக்காது. ஆனால் குதிரையைப் பறிகொடுத்தவர்களை மாதக்கணக்கில் தூங்கவிடாமல் வைத்திருப்பது அநேகமாக அந்த நாளின் கடைசி இரண்டு மணித்தியாலந்தான்: சங்கிலியில் இழுபட்ட கால், தண்ணி ஊறின குழி, மறுநாள் காலையில் நாய் கிளறின மண். இவ்வளவும் முன்கூட்டியே தடுக்கக் கூடியவை. எனவே ஆள் பிடிக்கும்போது விலையைவிட இந்த இரண்டு மணித்தியாலத்தை அவர்கள் எப்படி நடத்துவார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பெக்கோ. எல்லாரும் கடைசியில்தான் இதை யோசிக்கிறார்கள், பிழை அதிகம் நடப்பதும் இதில்தான். எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கத்தில், வேலை செய்கிற ஒரு சின்னக் குழுவை எடுத்துக்கொள்வோம்: ஒரு ஜேசிபி, ஒரு ஒப்பரேட்டர், உதவிக்கு ஒரு பெடியன். அத்திவாரம், வாய்க்கால், மலசலகூடக் குழி என்று ஓடித்திரிகிறவர்கள். செத்த மாடு புதைக்கவும் வருவார்கள். போனில் விசயத்தைச் சொன்னால் மறுக்காமல் வருகிறார்கள், அன்றைக்கே வருகிறார்கள். அது பெரிய விசயம். இந்த வெக்கையில் செத்த உடல் சில மணித்தியாலத்திலேயே ஊதத் தொடங்கிவிடும், நாளைக்கு வருகிறேன் என்கிறவரால் பலனில்லை.

குழி வெட்டுவதில் குறை சொல்ல முடியாது. அளவை மட்டும் நாம் சொல்ல வேண்டும், மாட்டுக் கணக்கில் விட்டால் போதாது. 450, 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நீளம் 9 அடி, அகலம் 7 அடி, ஆழம் 7 முதல் 8 அடி. மட்டக் குதிரைக்கு 7 அடிக்கு 5 அடி, ஆழம் 6 அடி போதும். உடலுக்கு மேலே குறைந்தது 3 அடி மண் நிற்க வேண்டும் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. மற்ற அளவெல்லாம் அதிலிருந்து வருவது. அதற்குக் குறைந்தால் நாய், நரி கிளறும், மணம் வெளியே வரும்.

இந்தப் பக்கத்தில் சிக்கல் ஆழத்தில்தான் இருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கிற மணல் நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். கார்த்திகை, மார்கழி மழைக்குப் பிறகு சில வளவுகளில் நாலடி தோண்டினாலே கசியும். தண்ணி நிற்கிற குழியில் உடலைப் போட்டால் ஊதி மிதக்கும், கழிவு நேரே பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். ஒப்பரேட்டர் "தண்ணி வந்தாலும் பரவாயில்ல ஐயா, மண்ணப் போட்டு அமத்திரலாம்" என்று சொல்வார். கேட்கக் கூடாது. மெசின் வருவதற்கு முன்னமே வளவுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நிலமட்டத்திலிருந்து தண்ணி எத்தனை அடியில் நிற்கிறதென்று அளவுங்கள். குழியின் அடி அதற்கு மேலே நிற்க வேண்டும், இடையில் இரண்டு அடியாவது காய்ந்த மண் இருந்தால் நல்லது. தண்ணி 5 அடியில் நிற்கிறதென்றால் 3 அடிக்கு மேல் இறங்காமல் அகலமாக வெட்டி, மேலே மண்ணை மேடாகக் குவிக்கச் சொல்லுங்கள். மேடு உயரமாக இருக்கும், பார்க்க வழமையான கல்லறை போல இராது. பரவாயில்லை. அதுவும் முடியாத வளவென்றால் லொறியில் ஏற்றி, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கத்து மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோவதே சரி. வயல் வெளி வேண்டாம், அதுவும் மாரியில் முழுகும்.

கிணற்றிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மணலில் அதைவிடக் கூட. நிலம் எந்தப் பக்கம் சரிகிறதோ, கிணற்றுக்குக் கீழ்ப் பக்கத்தில் இடம் பாருங்கள். இன்னொன்று: காய்ந்த மணல் சுவர் நிமிர்ந்து நிற்காது. நேராக வெட்டிய குழியின் விளிம்பு, பக்கத்தில் ஆள் நின்றாலே சரியும். பக்கங்களைச் சரிவாகவோ படியாகவோ வெட்டச் சொல்ல வேண்டும். எக்காரணத்துக்கும் யாரும் உள்ளே இறங்க விடக் கூடாது. உடலைத் திருப்பி வைக்கவென்று உதவிப் பெடியன் உள்ளே குதிப்பது இந்தக் குழுவிலும் மற்றக் குழுக்களிலும் உள்ள கெட்ட பழக்கம்.

உடலைக் கையாளுவதில்தான் இவர்களுக்கு மதிப்பெண் குறைகிறது. கேட்காமல் விட்டால் பின்னங்காலில் சங்கிலியைச் சுற்றி இழுப்பார்கள். மாட்டுக்கு அப்படித்தான் பழகியிருக்கிறார்கள். சங்கிலி தோலை வழித்துவிடும், தலை தரையில் அடிபட்டுக்கொண்டே வரும். அதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி போகவே போகாது. பதிலுக்கு இரண்டு வழி உண்டு. தூரம் குறைவென்றால், தடித்த படங்கொன்றை இரண்டாக மடித்து முதுகுப் பக்கமாகச் சுருட்டி வைத்து, நாலைந்து பேர் சேர்ந்து கால் பக்கத்தால் உடலை அதன் மேலே புரட்ட வேண்டும். பிறகு படங்கைத்தான் இழுப்பது, உடலையல்ல. தூரமென்றால் முன் பக்கெட்டைத் தரையோடு படிய வைத்து, அதற்குள் வைக்கோலைப் பரப்பி, நாலு அங்குல அகலமுள்ள நைலோன் பெல்ட்டால் உள்ளே எடுக்கலாம். ஜேசிபியின் முன் பக்கெட் ஏழடிக்குக் கிட்ட அகலம், ஒரு குதிரையின் எடை அதற்குப் பொருட்டே இல்லை. பெல்ட் இல்லாமல் சங்கிலிதான் இருக்கிறதென்றால் உரப்பையை நாலைந்து சுற்றுச் சுற்றி அதன் மேலே கட்டச் சொல்லுங்கள். இவ்வளவையும் போனிலேயே கதைத்துக்கொள்ள வேண்டும். செத்த குதிரையின் பக்கத்தில் நின்றுகொண்டு ஒப்பரேட்டரோடு வாதாட எவருக்கும் தெம்பிராது. நல்ல விதமாகச் சொன்னால் இந்தக் குழுவின் ஒப்பரேட்டர் மறுவார்த்தை பேசாமல் செய்கிறார், பக்கெட்டை மெதுவாகத்தான் இறக்குகிறார். அதற்காகவே இவர்களைத் திரும்பக் கூப்பிடலாம்.

கால்களை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். உயிர் போய்ச் சில மணித்தியாலத்தில் விறைப்புப் பிடிக்கும், அதன் பிறகு கால்கள் தடி போல நீட்டிக்கொண்டு நிற்கும். உடல் இளகியிருக்கும்போதே முன்னங்கால்களை முழங்காலில் மடக்கி, பின்னங்கால்களை வயிற்றோடு ஒதுக்கிப் பழைய சேலைத் துணியால் கட்டிவிடுங்கள். குழியில் படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கும், குழியும் சிறிதாகப் போதும். தூக்கி எடுக்கிற அந்தப் பத்து நிமிடம் வீட்டாட்கள் உள்ளே இருப்பது நல்லது. உடலை வைத்து, முகத்தின் மேல் துணி போட்டு, ஒரு கை மண் போட்ட பிறகு பிள்ளைகளைக் கூப்பிடலாம்.

சுண்ணாம்பு கட்டாயமா என்று கேட்பார்கள். உடல் சீக்கிரம் உக்கிவிடும் என்று சொல்லி இரண்டு மூடை விற்கப் பார்ப்பார்கள். உண்மையில் சுண்ணாம்பு உக்கலைத் தாமதப்படுத்தும். மணத்தையும் இலையானையும் கட்டுப்படுத்த மேலாகத் தூவினால் அளவோடு பயன் உண்டு. 3 அடி மண் இருந்தால் அதுகூடத் தேவையில்லை.

கூலி மணித்தியாலக் கணக்கு. டீசல் விலையோடு ஏறி இறங்கும், ஆகவே தொகை எழுதிப் பயனில்லை. கேட்க வேண்டியது மூன்று: மெசின் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கா, வளவுக்குள் வந்ததிலிருந்தா, குறைந்தபட்சம் எத்தனை மணித்தியாலத்துக்குக் காசு, ராவானால் கூடுதலா. வந்தவுடன் மெசினின் மணி மீட்டரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மணலில் குழி வெட்டி மூட இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியும்.

இனி வைத்தியர். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் பிரதேசந்தோறும் அரச கால்நடை வைத்திய அலுவலகம் இருக்கிறது. தனியாகப் பார்க்கிற டொக்டர்மாரும் உண்டு. அவர்கள் கை பழகினது மாடு, எருமை, ஆட்டில். குதிரைக்கென்று சந்தேகம் வந்தால் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தோடு போனில் கதைப்பார்கள். நாட்டில் அப்படியொரு பீடம் அது ஒன்றுதான். இப்படி உடனே போனை எடுக்கிற டொக்டரை நம்பலாம். தெரியாததைத் தெரியாதென்று சொல்லிக் கேட்கிறவர்தான் குதிரைக்கு ஏற்ற ஆள்.

குணமாகாத நோயில், தாங்க முடியாத வயிற்றுக் குத்தில், கால் முறிவில், குதிரையை வதையில்லாமல் அனுப்பிவைக்க ஊசிதான் வழி. இங்கேதான் கேள்வி கேட்டு ஆளைத் தெரிய வேண்டும். பென்டோபார்பிட்டல் என்கிற மருந்தைக் கழுத்துப் பெருநரம்பில் ஏற்றுவது வழமையான முறை. அது கட்டுப்பாட்டு மருந்து. எல்லா டொக்டர்மாரின் பையிலும் கிடக்காது, ஒரு குதிரைக்கு வேண்டிய அளவு சின்ன மிருகத்துக்கு வைத்திருப்பதைவிடப் பல மடங்கு. குதிரைக்கு வயது 25ஐத் தாண்டிவிட்டதென்றால் இப்பவே கேட்டு வையுங்கள். மருந்து இல்லையென்றால், முழு மயக்கம் கொடுத்த பிறகு பொட்டாசியம் குளோரைட்டை நரம்பில் ஏற்றுவது இன்னொரு முறை. மயக்கம் முழுதாக இல்லாமல் அதைக் கொடுப்பது கொடுமை. "மயக்கி, உணர்ச்சி இல்லையெண்டு பார்த்த பிறகுதானே டொக்டர்?" என்று நேரே கேளுங்கள். அதற்குக் கோபிக்கிறவர் வேண்டாம்.

நல்ல டொக்டர் செய்கிற ஒழுங்கு இது. முதலில் அமைதிப்படுத்தும் ஊசி. ஐந்து பத்து நிமிடத்தில் குதிரை தலையைத் தாழ்த்தும், கீழுதடு தொங்கும். கழுத்தில் மயிரை வழித்துத் தடித்த கனுலாவை, அதாவது நரம்புக்குள் நிற்கிற சின்னக் குழாயை, போட்டுத் தைப்பார். நேரே ஊசியால் குத்தினால் குதிரை அசையும்போது மருந்து நரம்புக்கு வெளியே போய்விடும், அதுதான் இழுபறியாகப் போவதற்கு முதற்காரணம். பிறகு மருந்தை நிறுத்தாமல் வேகமாக ஏற்றுவார். அரை நிமிடம், முக்கால் நிமிடத்தில் குதிரை விழும். மாடு போல முழங்காலிட்டுப் படுக்காது, நின்ற இடத்திலேயே சரியும். முகக்கயிற்றைப் பிடிக்கிறவர் முன்பக்கம் பக்கவாட்டில், நீளக் கயிறோடு நிற்க வேண்டும். அது தெம்புள்ள, பழகின ஆளாக இருக்கட்டும். குதிரையில் உயிரை வைத்தவர் அந்தக் கயிற்றைப் பிடிக்க வேண்டாம், விழுந்த பிறகு தலைமாட்டில் உட்காரலாம்.

விழுந்த பின் நடப்பதை முதலே சொல்லித் தருகிற டொக்டருக்கு நாம் முழு மதிப்பெண் கொடுப்போம். கண் மூடாது. சதை துடிக்கும். ஓரிரு தடவை ஆழமாக மூச்சு இழுக்கிற மாதிரி இருக்கும். வலியால் வருவதல்ல, மூளை அடங்கின பிறகு உடல் தானாகச் செய்வது. இதைத் தெரியாதவர்கள் "சாகாமத் துடிச்சிது" என்று வருடக்கணக்கில் நெஞ்சில் சுமக்கிறார்கள். நெஞ்சில் குழாயை வைத்துச் சில நிமிடம் கேட்டு, விரல் நுனியால் கண்மணியைத் தொட்டு இமை அசையவில்லையென்று பார்த்த பிறகுதான் டொக்டர் எழும்ப வேண்டும்.

பென்டோபார்பிட்டல் உடலில் அப்படியே தங்கும். அந்த இறைச்சியைத் தின்கிற நாய், காகம், பருந்து சாகும். ஆகவே ஊசிக்கு நேரம் குறிக்கும்போது குழி வெட்டி முடிந்திருக்க வேண்டும், குழிக்குப் பக்கத்திலேயே ஊசி போடலாம். பெக்கோவும் டொக்டரும் ஒருவருக்கொருவர் நேரம் தெரியாமல் வருவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற குழப்பம். வட்ஸ்அப்பில் மூன்று பேரையும் ஒரு குழுவில் போட்டுவிட்டால் தீரும்.

திடீரென்று தானாகச் செத்துக் கிடந்தால் வேறு கணக்கு. மூக்கால், ஆசனவாயால் உறையாத கறுத்த இரத்தம் வந்திருந்தால் தொடவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். டொக்டர் வந்து, ஆட்களுக்கும் தொற்றுகிற அந்திராக்ஸ் நோய் இல்லையென்று சொல்லட்டும். சாவதற்கு முன் நடை தள்ளாடி, வாய்நீர் வழிந்து, குணம் மாறியிருந்தால் விசர்நோய்ச் சந்தேகம், எச்சில் பட்டவர்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றுக் குத்தில் செத்ததென்றால், மற்றக் குதிரையைக் காப்பாற்ற ஒரு சோதனை: ஒரு கைப்பிடிச் சாணத்தைக் கண்ணாடிப் போத்தலில் தண்ணியோடு கரைத்து வையுங்கள். அடியில் மணல் படிந்தால், கடற்கரை மண்ணில் தீனி போட்டதன் பலன் அது. தொட்டியில், தரைக்கு மேலே போடப் பழக்குங்கள்.

மற்றக் குதிரை இருந்தால், மண் மூடுவதற்கு முன் கிட்டக் கொண்டுவந்து விடுங்கள். மோந்து பார்க்கும், சில சமயம் காலால் தட்டும், பிறகு தானாக விலகிப் போகும். அரை மணித்தியாலம் போதும். காட்டாமல் மறைத்தால் நாட்கணக்கில் வேலியோரம் நடந்து கனைக்கும். அந்தக் கிழமை தண்ணி குடிக்கிறதா, சாணம் போடுகிறதா என்று பார்க்க வேண்டும். தனியே விடக் கூடாது, ஆடாவது பக்கத்தில் நிற்கட்டும்.

நினைவுப்பொருளுக்கு வருவோம். நகைப் பட்டறைக்காரர்களுக்கு ஆனைமுடி மோதிரம் தெரியும், அதனால் குதிரை வால் மயிரைக் கொடுத்தால் "செய்யலாம்" என்று வாங்கி வைத்துவிடுவார்கள். ஆனைமுடி கம்பி மாதிரித் தடிப்பு, ஒற்றை இழையே நிற்கும். குதிரை மயிர் மெல்லிசு. அதை ஒற்றையாகப் பதித்தால் ஒரு மாதத்தில் அறுந்துபோகும். பென்சில் தடிப்பில் ஒரு கற்றையை மூன்றாகவோ நாலாகவோ இறுக்கிப் பின்னி, இரண்டு முனையையும் பசையில் தோய்த்து, வெள்ளிக் குப்பிக்குள் இறக்கி நசுக்க வேண்டும். இதைச் சொன்னால் பழைய கைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். வேலை சுத்தம். நாட்கணக்கு மட்டும் நம்பக் கூடாது. மயிரை வெட்டுவதற்கு முன்னமே மேலே இரண்டு இடத்தில் நூலால் கட்டி, அதற்கு மேலே வெட்டுங்கள், இல்லாவிட்டால் இழைகள் தலைகீழாகிச் சிக்குப்படும். குறைந்தது ஒரு அடி நீளம் வேண்டும். சம்பூவால் கழுவி நிழலில் காய வைத்து, பாதியை மட்டும் பட்டறைக்குக் கொடுங்கள். தவறினால் திரும்ப எடுக்க வழியில்லை.

ஸ்டூடியோக்களில் படம் பெருப்பிப்பது சுலபம், ஆனால் வட்ஸ்அப்பில் அனுப்பின படம் சுருங்கிப் போயிருக்கும். போனிலிருக்கிற மூலப் படத்தை ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்புங்கள் அல்லது நேரே கொண்டுபோங்கள். 12க்கு 18 அங்குலத்துக்கு 2400க்கு 3600 பிக்சலாவது வேண்டும். கடற்காற்று ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே இடையில் மவுண்ட் அட்டை வைத்துத்தான் பிரேம் போடச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் வைக்க மாட்டார்கள்.

குளம்பு அச்சுக்குப் பட்டறையே தேவையில்லை. குதிரை உயிரோடு நிற்கும்போது ஈரமணல் நிரப்பின தட்டில் காலை வைத்து எடுத்து, சீலிங் வேலைக்காரரிடம் வாங்கின பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் இரண்டு பங்குக்குத் தண்ணி ஒரு பங்கு கலந்து ஓர் அங்குலத் தடிப்பில் ஊற்றினால் அரை மணித்தியாலத்தில் இறுகும்.

"ஒரு மிருகத்துக்கா இப்படி அழுற?" என்று கேட்க வருகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொக்கட்டிச்சோலையில் கல்நந்தி புல் தின்ற கதையைச் சொல்லி வளர்ந்த ஊர் இது. மிருகத்துக்கு மனசைக் கொடுப்பது இங்கே புதுசில்லை. செத்த வீட்டுக்கு வருகிற மாதிரி ஒருவரும் வராதது, எட்டு, முப்பத்தொன்று என்று எண்ண நாளில்லாதது, அதுதான் இந்தத் துக்கத்தைத் தனிமையாக்குகிறது. குதிரையைத் தெரிந்த நாலு பேரை ஒரு பின்னேரம் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு அதைப் பற்றியே கதைப்பது உதவும். சாப்பாடு, தூக்கம் கிழமைக்கணக்கில் கெட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுத்துத் தமிழிலேயே கதைக்கலாம். பிள்ளைகளுக்கு "தூங்கப் போட்டாச்சு" என்று சொல்ல வேண்டாம், பிறகு தூங்கவே பயப்படுவார்கள். செத்துவிட்டதென்றே சொல்லுங்கள்.

கடைசியாகத் திரும்பவும் பெக்கோக்காரரிடம். உடல் உக்க உக்க மேலிருக்கிற மண் இறங்கும். முதல் பெருமழையில் ஒரு அடி, ஒன்றரை அடி பள்ளம் விழுந்து தண்ணி தேங்கினால், அதைப் பார்க்கிற மனசு திரும்பவும் உடையும். மூடும்போதே நிலமட்டத்துக்கு மேலே இரண்டு அடி மேடு விடச் சொல்லுங்கள், மிச்ச மண்ணை ஏற்றிக்கொண்டு போக விடாதீர்கள். வேலியோரத்தில் ஒரு குவியலாகக் கிடக்கட்டும். மரம் அவசரப்பட்டு வைக்க வேண்டாம், இறங்குகிற மண்ணில் சாயும். முதல் வருடம் புல் போதும். ஐப்பசி முடிவதற்குள் அந்தக் குவியலிலிருந்து மண்வெட்டியால் இழுத்து, பள்ளத்தை நிரப்பி, காலால் மிதித்துவிடுங்கள்.